முசலியில் ஒரு செவ்வாய்க்கிழமை

மன்னார் பஸ்ஸில் ஏறினால் மன்னார் வரை போக வேண்டாம். மதவாச்சி, செட்டிகுளம், மடு றோட் எல்லாம் தாண்டிய பின் முருங்கன் வரும். அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெற்கு நோக்கிப் பிரிவதுதான் சிலாவத்துறைப் பாதை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரிடலாம். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும், கூட வரும் பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவதும் இருக்கட்டும்.

வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஐயம் எழும். புத்தளத்திலிருந்து எழுவன்குளம், வில்பத்துக் காடு, மறிச்சுக்கட்டி என்று கடலோரமாக நேரே ஒரு கோடு போகிறதே, பின் ஏன் அநுராதபுரம் போய்ச் சுற்றி வரவேண்டும்? அந்தப் பழைய பாதை தேசிய வனத்தின் ஊடாகச் செல்வது. பல ஆண்டுகளாக வழக்கும் வாதமுமாகப் பேசப்படுவது. அதை நம்பிப் பயணம் புறப்படாதீர்கள். சுற்றுப் பாதையோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதையில் பாதி இந்தத் தூரத்தின் கதைதான்.

அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று நீங்கள் கண்ட ஆறு இங்கே அருவியாறு என்ற பெயரோடு கடலுக்குப் போகிறது. அதைக் கடந்தால் முசலி. மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் தென்கோடியில் இருப்பது. சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி, பாலைக்குழி, மறிச்சுக்கட்டி என்று நீளும் முஸ்லிம் கிராமங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காடு, இடையில் குளமும் வயலும்.

இந்தக் கரைக்கு ஒரு பழைய கீர்த்தி உண்டு. முத்துக் குளிப்பு! போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எல்லோரும் கண் வைத்த கடல் இது. அரிப்பில், கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கும் மாளிகையைக் கட்டாயம் பாருங்கள். முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை அதன் காலடியை அரித்துக்கொண்டிருக்கிறது.

1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்தது மிகப் பெரிய முத்துக் குளிப்பு. அரபு நாட்டுக் குளியாளிகளும் கீழக்கரைச் சோனகர்களும் வடக்குப் பட்டினங்களின் வியாபாரிகளுமாகப் பல்லாயிரம் பேர் வந்து இறங்கினர். வெறும் மணல் கிடந்த இடத்தில் சில வாரங்களில் கம்பும் ஓலையுமாக ஒரு பட்டினம் எழுந்தது. அந்த ஓலைப் பட்டினத்தில் வைத்தியசாலை இருந்தது, தபாற்கந்தோர் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பொலிஸ் இருந்தது, கடைத்தெரு இருந்தது. குளிப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1925க்குப் பிறகு அந்தப் பெரிய குளிப்பு நடக்கவுமில்லை. சிப்பி இருக்கும்வரை சில வாரங்களுக்கு அத்தனை வசதியும் செய்து கொடுக்க அன்றைய அரசுக்கு முடிந்திருக்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். இப்போது நாம் ஊருக்குள் போவோம்.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஓர் ஊரின் குறையாகத் தோன்றும். பக்கத்து ஊர்களிலும் கதை பெரிதாக மாறாது.

முதலில் கண்ணில் படுவது வீடுகள். நல்ல வீடுகள்! சீமெந்துக் கல், ஓடு அல்லது தகரம், முன் விறாந்தை, ஒரே அளவு, ஒரே சாயல். இந்திய அரசின் உதவியில் வந்தவை சில, வளைகுடா நாட்டு நன்கொடையாளர்கள் கட்டிக் கொடுத்தவை சில. பள்ளிவாசலும் புதிது. ஆனால் வரிசையாக நடந்து போகும்போது கதவுகளைக் கவனியுங்கள். இரண்டு வீடு பூட்டு, ஒரு வீடு திறப்பு, மறுபடி பூட்டு. நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் ஓர் ஆட்டுக்குட்டியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

திறந்திருந்த ஒரு வீட்டில் மாமி ஒருவர் அழைத்து உட்கார வைத்தார். 1990இல் மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இந்த ஊரை விட்டுப் போனவர். அந்த ஒக்டோபர் மாதத்தை நம் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றிய மாதம். மன்னார்த் தீவிலிருந்து போனவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மாமியின் குடும்பம் காட்டு வழியால் நடந்தது.

"அதைக் கேக்காதீங்க மகள். நான் சொல்லி அழுது, நீங்க எழுதி அழுது, என்ன வரப்போகுது? வேற கேளுங்க" என்றார். ஆகவே வேறு கேட்டேன். அன்று ஊரில் என்னென்ன இருந்தன என்று கேட்டேன். மாமியின் முகம் மாறிவிட்டது. விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

சங்கக்கடை இருந்தது. அதில் அரிசி, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், ஆண்டுக்கு ஒரு முறை சீத்தைத் துணி. தபாற்கந்தோர் இருந்தது, கடிதத்தை வாசித்தும் சொல்வார் தபாற்காரர். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சி இரண்டு வீடு தள்ளி இருந்தார், நடு ராத்திரியிலும் குப்பி லாம்போடு வருவார். தையல் தெரிந்தவர் ஒருவர், அரிசி இடித்துக் கொடுப்பவர் ஒருவர். சிறுமிகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஓதுற மாமியின் வீட்டில் லுஹர் முடிந்தால் ஒரே இரைச்சலாம். றமழான் இரவுகளில் பெண்கள் தறாவீஹ் தொழக் கூடியதும் அதே வீட்டில்தான். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். "அந்த பஸ் வந்தாத்தான் எங்களுக்கு மணி தெரியும்" என்று சிரித்தார்.

இவற்றில் எதுவும் பெரிய வசதி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கொழும்பில் இருப்பவர்களுக்கு இவை வசதியாகவே தெரியாது. ஆனால் இவை எல்லாம் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்தன. ஆண்களுக்கு சைக்கிள் உண்டு, இப்போது மோட்டார் சைக்கிளும் உண்டு. பத்து மைல் அப்பால் இருக்கும் கடை அவர்களுக்குக் கடைதான். நடந்து போகிறவளுக்கு அது கடையே இல்லை.

மாமி குடும்பத்தின் அகதி வாழ்வு புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டிலில் தொடங்கியது. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருபது ஆண்டுகள் போயின. பெண்கள் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். பலர் வளைகுடாவுக்குப் பணிப்பெண்களாகப் போனார்கள். காலப்போக்கில் கொட்டில் சுவராயிற்று. 2007இல் உலக வங்கியின் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டமும் வந்தது. முகாமைச் சுற்றிக் கடை வந்தது, பாடசாலை வந்தது, மருந்துக் கடை, தனியார் வகுப்பு, ஓட்டோ எல்லாம் வந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே நிக்காஹும் முடித்தார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பும் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தால் ஊரைக் காணோம்! கிணறு இருந்த இடத்தில் பற்றைக்காடு, வயல் இருந்த இடத்தில் மரம். கத்தியும் கோடரியுமாக வந்தவர்கள் பழைய புளியமரத்தை அடையாளம் வைத்துத்தான் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்களாம். இதற்கிடையில் 2012இல் ஒரு வர்த்தமானி, 2017இல் ஒரு வர்த்தமானி, மாவில்லு முதலான பகுதிகள் பாதுகாக்கப்பட்ட வனம் என்றன. காட்டைக் காப்பது நல்லதுதான், அதுவும் அல்லாஹ் தந்த அமானிதம்தான். ஆனால் அந்தக் காட்டுக்குள் கட்டுக்கிணறு ஒன்று கிடந்தால், அதைக் கட்டியவர் யார் என்றும் யாராவது கேட்க வேண்டாமா? 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இப்போது நான்கு, ஐந்து குடும்பங்கள். பழைய வளவு ஒன்றுதான். அந்தப் பிரச்சினை பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அதுவல்ல, வளவும் வீடும் கிடைத்தவர்களும் ஏன் நிலைத்திருக்கவில்லை என்பது.

மாமியின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கும் இதே தெருவில் வீடு உண்டு. குடி வந்து இரண்டரை ஆண்டு இருந்தார். மூத்த பிள்ளை சிறிய வகுப்பில் இருந்தவரை பரவாயில்லை. ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு, அதனால் ஆசிரியர்களும் குறைவு. ஒரே ஆசிரியை இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் எழுதக் கொடுத்துவிட்டு மறு பக்கம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆசிரியையை மாமியின் மகள் ஒரு சொல் குறை கூறவில்லையாம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சை நெருங்கியதும் தாயின் மனம் கேட்கவில்லை. அதற்கு மேலும் யோசனை உண்டல்லவா? உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் 1ஏபி வகைப் பாடசாலைக்குத்தான் போகவேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தினமும் எப்படி அனுப்புவது? பிள்ளைகளோடு புத்தளத்துக்கே திரும்பிவிட்டார். கணவர் மட்டும் காலபோக வேளாண்மைக்கு வந்து, சூடு அடித்து முடிந்ததும் போகிறார்.

அந்த வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் போனார்கள். பாடசாலை இடாப்பில் மூன்று பெயர் குறைந்தது. பிள்ளைத் தொகை குறைந்தால் ஆசிரியர் இடமாற்றம் போனபின் வேறொருவர் வருவது தாமதமாகும். அதைக் கண்டு அடுத்த தாயும் மூட்டை கட்டுவாள். கடைக்கும் இதே கணக்குத்தான். இருபது வீட்டுக் கொள்வனவில் கடைக்காரர் எத்தனை நாளைக்குத் தாக்குப் பிடிப்பார்? பஸ்ஸுக்கும் இதே கணக்கு. ஆள் இல்லை என்று பஸ் வராது, பஸ் இல்லை என்று ஆள் இருக்க மாட்டார். இதில் யாரை நோவது? "எல்லாரும் ஒரே நாளில திரும்பி வந்தா எல்லாம் வரும் மகள். ஒவ்வொருத்தரும் மத்தவர் முதல்ல வரட்டும் எண்டு இருக்கிறாங்க" என்றார் மாமி. பிரதேச சபையில் பேசுகிறவர்கள் யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

போர் நடக்காத ஊர்களில் இருக்கும் வாசகியரே, இது வடக்கின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சங்கக்கடை எங்கே? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பங்கீட்டு உணவை மக்களிடம் சேர்ப்பதற்காக ஊர் ஊராகத் தோன்றியவை அந்தக் கூட்டுறவுக் கடைகள். கூப்பன் அரிசி இருந்தவரை ஒவ்வொரு வீடும் வாரம் ஒரு முறை அந்தப் படியேற வேண்டியிருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. படியேறும் கால் குறைந்தது. பல ஊர்களில் இன்று அந்தக் கட்டடம் மட்டும் நிற்கிறது, எழுத்து அழிந்த பலகையோடு. பஸ்ஸும் அப்படித்தான். 1958இல் அரசு பஸ்களைப் பொறுப்பேற்றபோது நட்டம் வந்தாலும் கடைக்கோடி ஊர் வரை ஒன்று ஓடியது. தனியார் பஸ்கள் ஆள் நிறையும் பாதையில்தான் ஓடும், அது அவர்கள் பிழைப்பு. உங்கள் ஊரில் முப்பது நாற்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் போனது முசலியில் ஒரே நாளில் போனது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன், ஒரே நாளில் பறிப்பது வேறு கொடுமை. ஆனால் போன பொருள் ஒன்றுதான்.

லுஹருக்கு பாங்கு சொன்னது. பள்ளிவாசலுக்குள் போன ஆண்களை மாமியின் வீட்டு விறாந்தையிலிருந்தே எண்ணிவிட முடிந்தது. ஒரு ஸப்பு நிறையவில்லை. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் நாற்பது பேர் அல்ல, அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருப்பவர்கள், கோடையிலும் மாரியிலும் தேவைக்காகவன்றி ஊரை விட்டுப் போகாதவர்கள் என்று நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விருந்தாளியாக வந்து தொழுகிறவர் அந்த நாற்பதில் சேரமாட்டார். சின்ன வயதில் மத்ரஸாவில் இதை மனனம் செய்தபோது இது தொழுகைச் சட்டம் என்று மட்டுமே எனக்குப் பட்டது. அந்த விறாந்தையில் இருந்தபோதுதான், ஊர் என்றால் என்ன என்பதற்கும் இது ஓர் இலக்கணம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை புத்தளத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பள்ளி நிறையும். ஆனால் குடியிருப்பவர்களை மட்டும் எண்ணினால் நாற்பது தேறுமா என்ற பேச்சு ஊரில் உண்டாம்.

அது ஆண்கள் கணக்கு. பெண்கள் கணக்கை மாமி சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தெருவின் கடைசியில் ஒரு வயோதிபப் பெண் மௌத்தானார். பிள்ளைகள் எல்லோரும் புத்தளத்தில். ஜனாஸாவைக் குளிப்பாட்ட வேண்டும். பெண் ஜனாஸாவைப் பெண்கள்தானே குளிப்பாட்ட வேண்டும்! கணவர் இருந்தால் அவர் செய்யலாம், அவரோ முன்பே மௌத்தாகிவிட்டார். முறை தெரிந்தவர் என்று ஊரில் அன்று மாமி ஒருவர்தான். தனியாக எப்படிப் புரட்டுவது, எப்படித் தூக்குவது? பக்கத்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் ஆள் போய், அங்கிருந்து இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு ஓட்டோ வந்து சேரும்வரை மாமி யாஸீன் ஓதிக்கொண்டு தனியாக அந்த மையித்தோடு இருந்தார். பெண்ணுக்குரிய ஐந்து துண்டுக் கபனுக்குத் துணி ஊர்க் கடையில் இல்லை. கற்பூரமும் இல்லை. அவையும் ஓட்டோவில்தான் வந்தன.

"நான் மௌத்தானா யாரு மகள் குளிப்பாட்டுறது?" என்றார் மாமி. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, தேயிலையில் சீனி போதுமா என்று கேட்கும் குரலில் சொன்னார். "மகள்ட போய் இருக்கலாம்தான். அங்க மௌத்தானா இங்க கொண்டு வந்து அடக்க மாட்டாங்க. எங்கட உம்மாவும் வாப்பாவும் இங்கட மையவாடியில."

அவர் ஊரைக் காவல் காக்கிறார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்குக் கால் வலி இருக்கிறது, கிளினிக் தூரம் இருக்கிறது, மகளின் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசை இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துதான் அவரை இங்கே இருத்தி வைத்திருக்கிறது. புத்தளத்தில் இருப்பவர்களுக்கும் லேசான வாழ்க்கை இல்லை. வாக்கு மட்டும் மன்னாரில் பதிந்து வைத்திருந்தவர்கள் 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு பஸ் வரிசையாகக் கிளம்பி வந்தபோது தந்திரிமலைப் பக்கம் அந்த பஸ்கள் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். அல்லாஹ்வின் உதவியால் உயிர்ச் சேதம் இல்லை. ஒரு நாள் ஊருக்கு வந்து போவதற்கே அந்தப் பாடு.

அஸருக்குப் பின் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். பூட்டிக் கிடந்த வீடொன்றின் விறாந்தையில் ஏழெட்டுச் சிறுமிகள் குர்ஆனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓதிக்கொடுத்தவர் இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண். முகாமில் பிறந்து, புத்தளத்தில் மௌலவியா படிப்பைப் படித்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். வீட்டுச் சொந்தக்காரர் புத்தளத்திலிருந்து தொலைபேசியில் அனுமதி கொடுத்திருக்கிறார், "திறந்து கூட்டிப் பெருக்கினாப் போதும்" என்று. மாமி வாரம் ஒரு நாள் அங்கே போய்ப் பெரிய பெண்களுக்கு ஜனாஸா குளிப்பாட்டும் முறையைத் தலையணையை வைத்துக் காட்டிக் கொடுக்கிறார். இதுவரை நான்கு பேர் பழகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி வரும் ஜனவரியில் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளம் போகக்கூடும். போகாதே என்று அவளிடம் சொல்ல மாமிக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

நீங்கள் போவதானால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். பெருநாள், கல்யாணம், தேர்தல் நாட்களிலும் வேண்டாம். அன்றெல்லாம் ஊர் நிறைந்திருக்கும், நான் எழுதியதெல்லாம் பொய் என்று நினைப்பீர்கள். செவ்வாயோ புதனோ போங்கள். முருங்கனிலேயே திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போகவும் வேண்டாம். இனிப்புப் பெட்டி தேவையில்லை. மாமி என்னிடம் சொல்லி அனுப்பியவை இவை: வெள்ளை நூல் ரீல் இரண்டு, ஊசி ஒரு பக்கட், டோர்ச் பற்றறி நான்கு, கால் வலித் தைலம், சிறு பிள்ளைகளுக்கான குர்ஆன் கிதாபு பத்து, வெள்ளைத் துணி பன்னிரண்டு யார்.